லாபம், ரெண்டு, மூணு

தங்கை கொழுந்து, படுக்கைமலையில் தங்கிப்போய் அன்றோடு ஒரு வருடம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அழைத்து வராவிட்டால் அவள் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடுவாள். பழம்பொருள் இலாகாவின் விதி அப்படி. ஒரு வருடம் முழுதாக ஓரிடத்தில் இருந்த எதையும் அதற்குப் பிறகு நகர்த்தக் கூடாது.

கடிதம் வந்திருந்தது. ‘தங்கள் இளைய மகள் மரிக்கொழுந்து, வயது பதினைந்து, சேதமில்லை’ என்று அதில் இருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு அரிசி களையப் போனாள்.

“நீயே போயிட்டு வா பவளம்” என்றாள் உள்ளேயிருந்து. “நான் வந்தா அவ அழுவா. அழுதா சீக்கிரம் கல்லா இறுகிருமாம்.”

பவளக்கொடி சைக்கிளுக்குக் காற்றடித்தாள். கொழுந்தின் சைக்கிள் பக்கத்தில் நின்றது. போன வருடம் அது மட்டும் தானாகத் திரும்பி வந்திருந்தது. யாரும் அதை எடுப்பதில்லை. ஆனாலும் காலையில் பார்த்தால் அதன் சக்கரங்களில் செம்மண் ஈரமாக ஒட்டியிருக்கும். அம்மா துடைத்து வைப்பாள்.

கொழுந்து தங்கிப்போனதற்குக் காரணம் ஓர் எண்ணிக்கை.

வருடத்துக்கு ஒரு நாள் ரைஸ் மில் வாசலிலிருந்து சைக்கிள் பயணம் கிளம்பும். நடுகற்களைப் பார்த்துவிட்டு, ஊர்களுக்குள் புகுந்து, கடைசியில் படுக்கைமலைக்குப் போவார்கள். அங்கே குகைக்குள் பழைய முனிவர்களின் கல்படுக்கைகள் இருக்கின்றன. மலைவாசலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார். உள்ளே போகும்போது டிக்கெட்டுகளை வாங்கிக் கம்பியில் குத்துவார். வெளியே வரும்போது வழிகாட்டி வாய்விட்டுத் தலைகளை எண்ண வேண்டும். வாட்ச்மேன் தலை நிமிர்வதில்லை. ஓர் எண் காதில் விழுந்தால் நோட்டில் ஒரு கோடு போடுவார். டிக்கெட்டும் கோடும் ஒத்துப்போனால் கதவு திறக்கும்.

வழிகாட்டி காத்தமுத்து. நாற்பது வருடம் களத்தில் நெல் அளந்தவர். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். லாபம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. காத்தமுத்து ஆட்டை எண்ணினாலும் ஆளை எண்ணினாலும் அப்படித்தான்.

போன வருடம் எட்டுப் பேர் போனார்கள். திரும்பும்போது வரிசையின் முதலில் கொழுந்து நின்றாள். எங்கேயும் முதலில் போய் நிற்கிறவள் அவள். காத்தமுத்து அவள் தலையைத் தொட்டு “லாபம்” என்றார். லாபம் எண் அல்ல. கோடு விழவில்லை. ரெண்டில் தொடங்கி எட்டில் முடிந்தபோது நோட்டில் ஏழு கோடுகள் இருந்தன. டிக்கெட் எட்டு. ஓர் ஆள் இன்னும் உள்ளே இருப்பதாக வாட்ச்மேன் எழுதினார். மற்ற ஏழு பேருக்கும் ஓர் எண் இருந்தது. கொழுந்துக்கு இல்லை.

“நீ உள்ள இரு பாப்பா” என்றார் வாட்ச்மேன்.

கொழுந்து திரும்பி உள்ளே போனாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை.

*

இந்த வருடமும் எட்டுப் பேர். தையல்கடை அக்கா தங்கைகள் மூன்று பேர் ஒரே துணியில் தைத்த மூன்று சுடிதார்களில் வந்திருந்தார்கள். கல்யாணமாகி நாற்பது நாள் ஆன ஒரு ஜோடி, சைக்கிள் ஏற்பாடாகிவிட்டதால் வந்திருந்தது. கம்பவுண்டர் பரஞ்சோதி மருந்துப் பையோடு வந்திருந்தார். குடை பிடித்த ஒருவர் இருந்தார். அவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மிதிப்பதாகவும் தெரியவில்லை. ஆனால் பின்தங்கவில்லை. எட்டாவது பவளக்கொடி. காத்தமுத்துவுக்கு எண் கிடையாது. வழிகாட்டிகளை இலாகா எண்ணுவதில்லை.

கிளம்புவதற்கு முன் பவளக்கொடி அவரிடம் போனாள். அவளுக்கு ஆட்களிடம் போய்ப் பேசுவது வராது. அவர் சைக்கிள் மணியைப் பார்த்துப் பேசினாள்.

“மாமா. இன்னிக்கு ஒரு தடவை ஒண்ணுன்னு ஆரம்பிங்க. கொழுந்த முன்னால நிறுத்துறேன். ஒண்ணுன்னு சொன்னா அவளுக்குக் கோடு விழுந்துரும்.”

“சொல்றேன் தாயி. எனக்கு மட்டும் மனசு இல்லையா? வருஷமெல்லாம் சோறு எறங்கல.”

“இப்பச் சொல்லிப் பாருங்க.”

காத்தமுத்து தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

“லாபம்” என்றார்.

யார் சொன்னது என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

“சாயங்காலத்துக்குள்ள வந்துரும்” என்றார். “வழி முழுக்கச் சொல்லிக்கிட்டே வாரேன்.”

ஒன்பது சைக்கிள்களும் கிளம்பின. கண்மாய்க்கரையில் வெயில் இன்னும் ஏறவில்லை. காத்தமுத்து முன்னால் போனார். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு “லாபம்” கேட்டது.

தையல்கடை மூத்தவள் அவரை எட்டிப் பிடித்தாள். “மாமா, உங்க வீட்டுல எத்தனை பொண்டாட்டி?”

“லாபம்.”

மூன்று பேரும் சைக்கிள் ஆடச் சிரித்தார்கள்.

“அப்ப அத்தை எண்ணிக்கையிலயே இல்லையா?” என்றாள் நடுவள்.

“அவளை யாரு தாயி எண்ண முடியும்?” என்றார் காத்தமுத்து. பிறகு மிதிக்கத் தொடங்கினார்.

*

நடுகற்கள் ஒரு கடலைக் கொல்லைக்குள் இருந்தன. ஏழு கற்கள். ஒவ்வொன்றிலும் வில்லோடு ஒருவன், காலடியில் மாடுகள். ஆட்கள் வருவதைப் பார்த்து மாடுகள் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டன.

ஏழாவது கல்லில் ஒன்றும் செதுக்கியிருக்கவில்லை.

“இதுக்கு ஆளு இன்னும் வரல” என்றார் காத்தமுத்து. யாரும் அதன் அருகில் நிற்கவில்லை.

கம்பவுண்டர் முதல் கல்லில் இருந்தவனின் மணிக்கட்டில் விரலை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

“நாடி இருக்கு” என்றார்.

“எப்படி அடிக்குது?”

“இன்னும் அடிக்கல. ஆனா இருக்கு. எண்பது வருஷத்துக்கு ஒரு தடவ அடிக்கும்னு நெனைக்கிறேன்.” கடிகாரத்தைப் பார்த்தார். “காத்திருக்கவா?”

“வேணாம்ணே” என்றாள் பவளக்கொடி. “அஞ்சு மணி.”

காத்தமுத்து கற்களை வைத்துப் பழகிப் பார்த்தார். முதல் கல்லின் தலையில் கை வைத்தார். அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கொல்லைக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஒ” என்றார் காத்தமுத்து.

எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

“ஒ… லாபம்.”

“பாதி வந்துருச்சு” என்றார் கம்பவுண்டர். ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். காத்தமுத்து அதை மென்று விழுங்கினார். எல்லோரும் மறுபடி சைக்கிளில் ஏறினார்கள். பின்னால் ஓர் ஈரச் சக்கரத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பவளக்கொடி திரும்பிப் பார்த்தபோது குடைக்காரருக்குப் பின்னால் சாலை காலியாக இருந்தது.

*

மேலக்கரைக்குப் போகும்போது மணி பதினொன்று. அது சின்ன ஊர். வீடுகளெல்லாம் சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருந்தன. அந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆளாவது மலையில் இருந்தார்.

சௌந்தரம் என்கிற பெண் எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கம்மங்கூழ் ஊற்றினாள். மோர்மிளகாய் வறுத்து வைத்திருந்தாள். பத்துச் சொம்புகள் வரிசையில் இருந்தன.

“நாங்க ஒம்பது பேருக்கா” என்றாள் தையல்கடை இளையவள்.

“தெரியும்” என்றாள் சௌந்தரம். “அது அந்தப் பாப்பாவுக்கு. சாயங்காலமானா சைக்கிள் சத்தம் கேக்கும். சொம்பு காலியாயிருக்கும். ஆளத்தான் பாத்ததில்ல.”

பவளக்கொடி பத்தாவது சொம்பைப் பார்த்தாள். கூழின் மேல் ஆடை படிந்திருந்தது.

“இப்பவும் குடிக்கிறாளா?”

சௌந்தரம் முந்தானையால் சொம்பின் விளிம்பைத் துடைத்தாள். “ஆடி வரைக்கும் குடிச்சா. இப்ப அப்படியே இருக்கு. மாட்டுக்கு ஊத்திடுறேன்.” பிறகு சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். மொத சாப்பாடு கொறஞ்சுது. அப்புறம் பேச்சு.”

“அவரு எங்க இருக்காரு?”

“இடமிருந்து மூணாவது தூணு. பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு. பதில் சொல்ல மாட்டாக. வீட்டுல இருந்தப்பவும் சொன்னதில்ல.”

எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். “எங்க மாமியாவையும் பாத்துட்டு வாங்க! வாசல்ல யாளி! வாய்க்குள்ள கல்லுருண்டை உருளும், ஆனா வெளிய எடுக்க முடியாது!”

“ஏன்டி இப்படிக் கத்துற?” என்றாள் சௌந்தரம்.

“காதுல விழட்டுமேன்னுதான். முப்பது வருஷம் நான் கேட்டேன்ல!”

மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு உள்ளே போய் ஓர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பவளக்கொடியின் கையில் கொடுத்தாள்.

“பல்லுல தடவி விட்டுரு ஆத்தா” என்றாள் மெதுவாக. “பனிக்கு வெடிச்சுருது.”

கிளம்பும்போது சௌந்தரம் பவளக்கொடியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

“முட்டிக்குக் கீழதான் இறுகியிருந்தா கூட்டிட்டு வந்துரலாம். இடுப்புக்கு மேல போயிருந்தா மல்லுக்கட்டாத. அவகளுக்கு வலிக்கும்.”

*

மேலக்கரையைத் தாண்டியதும் மைல்கல்லில் ‘படுக்கைமலை 6’ என்று இருந்தது. அரைமணி நேரம் மிதித்தார்கள். அடுத்த கல்லிலும் 6. அதற்கடுத்த கல்லில் 7.

மலை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கிட்ட வரவில்லை. மணி இரண்டைத் தாண்டியது.

“நம்மளப் பாத்துப் பாத்து ரோடு நீளுது” என்றாள் மூத்தவள்.

“அப்ப அது பாக்காம இருக்கணும்” என்றாள் நடுவள்.

அடுத்த மைல்கல்லில் குடைக்காரர் இறங்கினார். குடையைச் சாய்த்துக் கல்லின் முகத்தை மறைத்தார். எல்லோரும் பேசாமல் அதைக் கடந்து போனார்கள். காத்தமுத்து மட்டும் உதட்டுக்குள் முனகினார். மறுநிமிடம் சைக்கிள்கள் மலையடிவாரத்தில் இருந்தன. குடைக்காரர் முன்பே வந்து, குடையை மடித்து வைத்திருந்தார்.

மணி மூன்றே முக்கால்.

வாட்ச்மேன் வாசலில் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை. எட்டு டிக்கெட்டையும் வாங்கிக் கம்பியில் குத்தினார். எட்டுத் தாள்களை நீட்டினார்.

“இருப்புப் படிவம்.”

“எதுக்குங்க?” என்றார் கம்பவுண்டர்.

“நீங்க இப்ப இருக்கீங்கன்னு எழுதிக் குடுக்கணும். இந்தக் காலத்து ஆளுங்கன்னு. இல்லாட்டி உள்ள இருக்கதோட கலந்துரும்.”

“நானே எழுதலாமா?”

“உங்களைப் பத்தி நீங்க சொல்றது செல்லாது. பக்கத்துல இருக்கவங்க கையெழுத்துப் போடணும்.”

தையல்கடைக்காரிகள் மூவரும் வட்டமாக ஒருத்திக்கு ஒருத்தி போட்டுக்கொண்டார்கள். புதுமாப்பிள்ளை மனைவியின் தாளை வாங்கினான். ‘மேற்படியார் இருக்கிறார் என்பதை நான் அறிவேன்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் நெடுநேரம் பேனாவை வைத்திருந்தான். பிறகு போட்டான். அவளும் போட்டாள். குடைக்காரரின் படிவம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு, மடிப்பெல்லாம் கிழிந்து மஞ்சளாக இருந்தது. அதையும் வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். பவளக்கொடிக்குக் கம்பவுண்டர் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் நாடி பார்த்தார்.

காத்தமுத்து வாசலுக்கு உள்ளே ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். கூழாங்கற்களைப் பொறுக்கிக் குவித்தார்.

“நீ போயிப் பிள்ளையக் கூட்டிட்டு வா தாயி. நான் இங்க இருந்து பழகுறேன்.”

*

யாளியின் பல்லில் பவளக்கொடி எண்ணெய் தடவினாள். வாய்க்குள் உருண்டை ஒருமுறை உருண்டது. மண்டபத்தில் இடமிருந்து மூன்றாவது தூணிடம், “சௌந்தரக்கா கேட்டாங்க” என்றாள். தூண் பதில் சொல்லவில்லை.

குகைக்குள் ஏழு கல்படுக்கைகள் இருப்பதாகப் பலகை சொன்னது. அவள் பதினொன்றைக் கடந்தாள். இன்னும் இருந்தன. ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கல்லைத் திண்டாகச் செதுக்கியிருந்தது. சிலவற்றில் தலை வைத்த பள்ளம் இன்னும் சூடாக இருந்தது. குகை உள்ளே போகப்போக நீண்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, எதையும் எண்ணாமல் நடந்தாள். அப்போது வந்துவிட்டது.

கொழுந்து கடைசிப் படுக்கைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். அதே பச்சைப் பாவாடை. கணுக்காலில் வெள்ளை பெயிண்டில் 47 என்று எழுதியிருந்தது.

“ஏன்டி நிக்கிற?” என்றாள் பவளக்கொடி. ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“படுத்தா முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். அதான் படுக்கல.” கொழுந்தின் குரல் மணலைத் தேய்ப்பதுபோல இருந்தது. “நீ ஏன்க்கா இம்புட்டு எளச்சுட்ட?”

பவளக்கொடி மண்டியிட்டு அவள் காலைத் தொட்டாள். பாதம் கல். கெண்டைக்கால் கல். முட்டிக்கு மேலே தோல் இருந்தது. கிள்ளினாள்.

“ஆ! பிசாசே!” என்றாள் கொழுந்து.

“வலிக்குதா? நல்லது. வா, போவோம். காத்தமுத்து மாமா இன்னிக்கு ஒண்ணுன்னு சொல்லப் போறாரு. நீ முன்னால நில்லு.”

கொழுந்து அசையவில்லை.

“எத்தனை பேரு வந்திருக்கீக?”

“எட்டு.”

“டிக்கெட்டு?”

“எட்டு.”

“என்னையும் சேத்தா?”

பவளக்கொடி விரல்களை மடக்கினாள்.

“ஒம்பது” என்றாள் கொழுந்து. “ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒம்பது கோடு விழும். ஒரு ஆளு அதிகம்னு பிடிச்சு வச்சுக்குவாரு. பழையபடி லாபம்னே ஆரம்பிக்கட்டும். லாபத்துக்குக் கோடு இல்ல. எட்டுக் கோடுதான் விழும். டிக்கெட்டும் எட்டு. அவரு தலைய நிமுத்தவே மாட்டாரு. ஒம்பது பேரும் போயிரலாம்.”

“நீ எப்படி இதெல்லாம் யோசிச்ச?”

“வேற என்ன வேலை? இங்க படுத்திருக்கவங்க யாரும் பேசுறதில்ல.”

காலையிலிருந்து தான் காத்தமுத்துவை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று பவளக்கொடிக்கு அப்போது நினைவு வந்தது. தங்கையின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். கல்பாதங்கள் படிகளில் மோதி மோதி வந்தன. திரும்பும்போது குகை இன்னும் நீளமாக இருந்தது.

*

மணி நாலு ஐம்பது. காத்தமுத்து புங்கமரத்தடியிலிருந்து ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“வந்துருச்சு தாயி! வந்துருச்சு!” கையில் ஒரு கூழாங்கல்லைத் தூக்கிக் காட்டினார். “ஒண்ணு! பாரு. ஒண்ணு!”

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பவளக்கொடி அவர் வாயைப் பொத்தினாள்.

“வேணாம் மாமா. லாபம்னு சொல்லுங்க. எப்பவும் போல.”

விஷயத்தைச் சொன்னாள். அவர் புரிந்துகொண்டார். தலையை ஆட்டினார்.

“அம்புட்டுத்தானே? நாப்பது வருஷ நாக்கு.” கூழாங்கல்லைப் பார்த்தார். “ஒண்ணு” என்றார்.

தட்டிய கைகள் கீழே இறங்கின.

“இருங்க, இருங்க” என்றார் காத்தமுத்து. “ஒண்ணு. ஒண்ணு. அட, ஒண்ணு.”

கம்பவுண்டர் இன்னொரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். மூத்தவள் ஒரு டப்பா நிறைய மண்ணை அள்ளி வந்தாள். “இத நெல்லுன்னு நெனச்சுக்கங்க மாமா. களத்துல நிக்கிறீக. அளங்க.” அவர் மண்ணைக் கொட்டினார். கை அளந்த வேகத்தைப் பார்த்தால் நெல் என்றே தோன்றியது. உதடு விரிந்தது. “லா” என்றார். எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கினார்கள். “லாபம்” என்றார். உட்கார்ந்து அழுதார்.

“போதும்” என்றாள் பவளக்கொடி. “இதோட எந்திரிங்க. வேற ஒண்ணும் பேசாதீக.”

வரிசையில் முதலில் பவளக்கொடி நின்றாள். கொழுந்தை இரண்டாவதாக இழுத்தாள்.

“நான் முன்னால நிக்க மாட்டேன்” என்றாள் கொழுந்து.

“இது முன்னால இல்லடி. நான்தான் முன்னால.”

“போன வருஷமும் கொஞ்சம் முன்னாலதான் நின்னேன். பின்னால போறேன்க்கா. கடைசில யாரும் கவனிக்க மாட்டாங்க.”

அவள் கால்களை இழுத்துக்கொண்டு கடைசியில் போய், குடைக்காரரின் பின்னால் நின்றாள். மணி நாலு ஐம்பத்தேழு. வாட்ச்மேன் நோட்டைத் திறந்தார்.

“எண்ணுங்க.”

காத்தமுத்து பவளக்கொடியின் தலையில் கை வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு ‘லா’வுக்கு விரிந்ததை அவள் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டதையும் பார்த்தாள்.

வாட்ச்மேன் இருமினார்.

“ஒண்ணு” என்றார் காத்தமுத்து.

தெளிவாகத்தான் சொன்னார். வாழ்நாளில் அவர் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. கோடு விழும் சத்தம் கேட்டது.

எண்ணத் தொடங்கினால் பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியாது. களத்தில் அப்படி நிறுத்தவே கூடாது. கண்ணீர் ஓட ஓட அவர் வரிசையில் நகர்ந்தார். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. கம்பவுண்டர் ஏழு. குடைக்காரர் எட்டு. கொழுந்தின் முன்னால் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

“சொல்லுங்க மாமா” என்றாள். “சொல்லாட்டி உங்களத் திட்டுவாரு.”

“ஒம்பது.”

வாட்ச்மேன் தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. நல்ல முகம்தான்.

“எட்டு டிக்கெட். ஒம்பது கோடு” என்றார். “ஒரு ஆளு அதிகம்.”

“அவ போன வருஷத்து ஆளு சார்” என்றாள் பவளக்கொடி. அவள் அவர் கண்ணைப் பார்த்தே பேசினாள். “போன வருஷம் ஒரு கோடு கொறஞ்சுதுல்ல. அதுக்கு இது சரியாப் போச்சு.”

“போன வருஷத்து நோட்டு பெட்டிக்குள்ள போயிருச்சும்மா. கரையான் அரிக்குது.”

“அப்ப என்னை வச்சுக்கங்க. அவளை விடுங்க.”

“நீங்க ஒண்ணு. மையில போட்டாச்சு.”

மண்டபத்துக்குள் எங்கோ ஐந்து முறை மணி அடித்தது. ஐந்தாவது அடிக்கும்போது கொழுந்து தன் பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

“சார், இங்கயே நிக்கவா, மேல போகவா?” என்று கேட்டாள்.

“இங்கயே நில்லு பாப்பா. இனி நகத்தக் கூடாது.”

அவர் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து அவளைச் சுற்றிக் கட்டினார். எட்டுப் பேரையும் கதவுக்கு வெளியே விட்டார். பிறகு ஒரு நீலப் பலகையையும் வெள்ளை பெயிண்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“பலகைக்கு நாலு வரி வேணும்” என்றார். “சொந்தக்காரங்க யாரு?”

பவளக்கொடி கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான்தான்.”

“சொல்லுங்க. என்ன காலம்?”

“பதினஞ்சு வயசு.”

“வயசு இல்லம்மா. நூற்றாண்டு.”

அவளுக்குத் தெரியவில்லை. அவர் ‘காலம் தெரியவில்லை’ என்று எழுதினார். ‘பெண், நின்ற நிலை’ என்று தானாகவே எழுதினார்.

“அவளுக்குத் தேன்மிட்டாய்தான் பிடிக்கும்” என்றாள் பவளக்கொடி. “பயந்தா பாட்டுப் பாடுவா. கணக்குல நூத்துக்கு நூறு.”

“பாக்கிறவங்க கண்ணுக்குத் தெரியுறதாச் சொல்லுங்க. தெரியாதத எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க.”

பவளக்கொடி தங்கையைப் பார்த்தாள். இடுப்பு வரை சாம்பல் நிறம் ஏறியிருந்தது. பச்சைப் பாவாடையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக உறைந்துகொண்டிருந்தன.

“பாவாடையில பன்னெண்டு மடிப்பு” என்றாள்.

அவர் எண்ணிப் பார்த்து எழுதினார். “இன்னும் ஒரு வரி.”

“சிரிச்சா இடது கன்னத்துல குழி விழும்.”

வாட்ச்மேன் பெயிண்ட் குச்சியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். “இப்ப விழுதா?”

கொழுந்து சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அழாமல் இருப்பதில் கவனமாக இருந்தாள்.

“இப்ப இல்ல” என்றாள் பவளக்கொடி.

“அப்ப எழுத முடியாது.”

சாம்பல் நிறம் தோளுக்கு வந்தது. கழுத்தின் மேல் ஏறியது. பவளக்கொடிக்குப் பின்னால் ஏழு பேரும் நின்றார்கள். காத்தமுத்துவும் நின்றார். அவளுக்கு எப்போதுமே பிறர் பார்வை முதுகில் பட்டால் உடம்பு கூசும். அவள் கம்பிகளின் இடைவெளியில் முகத்தை வைத்தாள். இரண்டு கண்ணிமைகளையும் விரலால் மேலே மடித்துக்கொண்டாள். நாக்கை நீட்டி மூக்கின் நுனியைத் தொட்டாள். மூக்கை விடைத்து, பன்றிபோல மூன்று முறை உறுமினாள்.

தையல்கடைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“ஐயே” என்றாள் கொழுந்து. “கேவலமா இருக்கக்கா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழி விழுந்தது.

வாட்ச்மேன் எழுதினார். எழுதிவிட்டுச் சரிபார்க்க மறுபடி நிமிர்ந்தார். இருந்தது.

பவளக்கொடி இமைகளை இறக்கவில்லை. மடித்த கண்ணில் புழுதி விழுந்து எரிந்தது. பின்னால் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்கள். வாட்ச்மேன் பலகையை ஊன்றி மண்ணை மிதித்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு முடியாமல் நின்றது.